துரத்தும் நாயை நிறுத்த முடியுமா? நாலு மாதக் குறிப்புகள்

ஒரு வாசகர் கேட்டது

மூன்று வயது ஆண் நாய். வீட்டுக்குள் தங்கம். வெளியே பூனை, அணில், கோழி எது ஓடினாலும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்கிறான். கூப்பிட்டால் காதே கேட்காதவன் மாதிரி ஓடுகிறான். கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: ரத்தத்தில் ஊறியது, நாய் வாலை நிமிர்த்த முடியாது, நாலு போடு போட்டால் அடங்கும். நாலு போடும் போட்டாயிற்று, அடங்கவில்லை. இனி என்ன செய்வது?

ஜனவரி 12, 2025

அடி எப்போது விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஓடும்போது உங்கள் கை அவனை எட்டாது. துரத்தி முடித்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் அடித்திருப்பீர்கள். அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? உங்களிடம் வந்ததற்கு அடி. பூனைக்கும் அந்த அடிக்கும் அவன் மனதில் தொடர்பே இல்லை.

நானும் இதைச் செய்தவன். என் நாய் முத்துவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு கோழியைப் பிடித்துவிட்டான். வாயில் கோழியோடு நேராக என்னிடம்தான் ஓடி வந்தான், காட்டுவதற்கு. செருப்பால் அடித்தேன். அதற்குப் பிறகும் கோழி துரத்துவதை அவன் விடவில்லை. பிடித்ததை என்னிடம் கொண்டுவருவதைத்தான் விட்டான். கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று என் கையையே பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். அந்தப் பார்வை மாற ஏழு மாதம் ஆனது. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் முதல் வேலை: அடியை இன்றோடு நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் ஓடவிட்டு வந்தாலும், வந்தவனுக்குத் தட்டிக்கொடுத்துத் தீனி கொடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது கொடுங்கள்.

அதே நாள் இரவு

கேட்க மறந்தது. பாயும்போது குரைக்கிறானா, சத்தமே இல்லாமல் பாய்கிறானா? இது மிக முக்கியம். முடியைச் சிலிர்த்துக்கொண்டு, முன்னே போய்ப் பின்வாங்கிக் குரைத்தால் பெரும்பாலும் பயம். 'தள்ளிப் போ' என்று விரட்டுகிறான். உடம்பைத் தளர்த்தி, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி ஆட்டினால் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறான். வாயை மூடி, உடம்பை விறைத்து, சத்தமில்லாமல் போனால் வேட்டை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நான் எழுதப்போவதெல்லாம் மூன்றாவது வகைக்கு. பயந்த நாயிடம் இதையே செய்தால் பாதிதான் வேலை செய்யும், அங்கே முதலில் பயத்தைத்தான் தீர்க்க வேண்டும்.

ஜனவரி 15

சத்தமில்லாமல் பாய்கிறான் என்று பதில் வந்திருக்கிறது. சரி, வேட்டைதான்.

'ரத்தத்தில் ஊறியது' என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதி உண்மை. நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி நாய்களின் வேட்டையை ஒரு சங்கிலியாகப் பிரித்து எழுதினார்கள்: திரும்பிப் பார்ப்பது, வெறித்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுதாக இருக்கும். மனிதன் நாய்களை வளர்த்துத் தேர்ந்தெடுத்தபோது சில கண்ணிகளை நீட்டினான், சிலவற்றை மழுங்கடித்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி வெறித்துப் பார்க்கும், பதுங்கும், துரத்தும். கவ்வுவது மட்டும் அடங்கியிருக்கும். ரிட்ரீவர் கவ்வும், ஆனால் அழுத்திக் கடிக்காமல் கொண்டுவரும். கண்ணால் பார்த்து விரட்டும் இனங்களான கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றில் பார்ப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவே இடைவெளியே இல்லாத மாதிரி இருக்கும். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது மறைந்துவிடும்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பசிக்காக அவன் துரத்துவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் அதனளவிலேயே அவனுக்கு இன்பம். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்டவனும் ஓடுகிறான், ஒரு நாளும் அணில் கிடைக்காதவனும் ஓடுகிறான். ஓட்டமே அவனுக்குக் கூலி. 'கண்டுகொள்ளாமல் விடுங்கள், சலித்து நின்றுவிடுவான்' என்ற அறிவுரை இந்த ஒரு விஷயத்தில் செல்லவே செல்லாது.

ஜனவரி 16

எனவே பயிற்சிக்கு முன்னால் தடுப்பு. இன்றிலிருந்து ஒரு துரத்தல்கூட நடக்கக் கூடாது. பத்து மீட்டர் நீளக்கயிறு ஒன்று வாங்குங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள். பத்து மீட்டர் வேகமெடுத்து ஓடிய நாயைக் கயிறு சட்டென்று நிறுத்தினால் அந்த அடி முழுதும் கழுத்தில் இறங்கும். மூச்சுக்குழாயும் கழுத்தெலும்பும் தாங்காது. பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் கயிறும் வேண்டாம். அது எப்போதும் இழுவையிலேயே இருப்பதால், இழுத்தால்தான் நீளும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

கையுறை போடுங்கள். என் இடது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது, நைலான் கயிறு சூடுபோட்டது.

ஜனவரி 27

எனக்குச் சொல்ல இருப்பதே இந்த ஒரு குறிப்புதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

துரத்தல் தொடங்கிய பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. நமக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வினாடி. அந்த வினாடி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விடியற்காலை இருட்டில் நடந்தபோது நானாகக் கண்டுபிடித்தேன். முத்து நடக்கும்போது வாயைத் திறந்து 'ஹ ஹ ஹ' என்று மூச்சு வாங்கிக்கொண்டே வருவான். ஓரிடத்தில் அந்தச் சத்தம் நின்றது. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. கயிறு தளர்ந்துதான் இருந்தது. குனிந்து பார்த்தேன்: வாய் இறுக மூடியிருந்தது, இரண்டு காதும் முன்னால் குவிந்திருந்தன, எடை முழுதும் முன்னங்காலுக்குப் போயிருந்தது, வலது முன்கால் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தொங்கியது. அவன் பார்த்த திசையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வினாடி சுவரோரம் ஒரு பூனை அசைந்தது, கயிறு கையைச் சீவிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து நான் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். சத்தம் நின்றால் என் வேலை தொடங்குகிறது.

அந்த வினாடியில் என்ன செய்வது? அவன் பார்க்கட்டும். பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பார்த்த கணமே 'சரி' என்று ஒரே குரலில், ஒரே சொல் சொல்லுங்கள். சொன்ன கையோடு மூக்கருகே தீனி. முதல் நாளில் அவன் உங்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டான். பரவாயில்லை, மூக்கருகே கொண்டுபோய்க் கொடுங்கள். பூனையைப் பார்த்தால் 'சரி' வரும், 'சரி' வந்தால் தீனி வரும். இது நூறு தடவை நடந்த பிறகு ஒரு நாள் பூனையைப் பார்ப்பான், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையைத் திருப்பி உங்களைப் பார்ப்பான். அந்த முதல் திருப்பம் எனக்கு வந்தபோது நடுத்தெருவில் முழங்காலிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி 29

தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நெருக்கத்தில் நின்றுவிட்டீர்கள். தூரம்தான் எல்லாம். தீனியை வாங்கித் தின்னும் தூரம் வரும்வரை பின்னால் போங்கள், அது நாற்பது மீட்டராக இருந்தாலும் சரி.

பிப்ரவரி 3

திருத்தம். நூறு தடவை என்று 27-ஆம் தேதி எழுதியதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முத்துவுக்குப் பூனை விஷயத்தில் ஐந்து வாரம், அணில் விஷயத்தில் நாலரை மாதம். பூனை நின்று பார்க்கும், அணில் நிற்காது, அந்த வித்தியாசம்தான். நாய்க்கண் நிறத்தில் நம்மைவிடக் குறைவு, அசைவில் நம்மைவிடக் கூர்மை. அதன் பார்வை வட்டம் சுமார் 240 பாகை, நமக்கு 180 சொச்சம். அசையாத பூனை அவனுக்குப் பாதி கல், ஓடும் அணில் அவன் முழு உலகம். ஆகவே அசையாத, தூரத்து விலங்கில் தொடங்கி, மெதுவாக நடக்கும் விலங்குக்கு வந்து, கடைசியாகத்தான் ஓடும் விலங்கு. நான் தலைகீழாகத் தொடங்கி இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

பிப்ரவரி 5

கதவு திறந்திருந்து ஓடிவிட்டான், ஒரு பூனையை மரத்தில் ஏற்றிவிட்டான், மூன்று வாரம் போச்சு என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். போகவில்லை, ஆனால் பின்னடைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார்: ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை அழியாமல் வைத்திருக்கும். பத்து நாளுக்கு ஒரு துரத்தல் கிடைத்தால் ஒன்பது நாளும் அதற்காகக் காத்திருப்பான். இரண்டு கதவு வையுங்கள், அல்லது வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் மாதிரி ஒரு தடுப்பு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். என் வீட்டில் கதவை அதிகம் மறந்தது நான்தான்.

அவன் கண்ணைப் பார்த்தீர்களா? பூனை நகம் விழிவெண்படலத்தில் கீறினால் அன்றைக்கு லேசாகத் தண்ணீர் வடிவது மட்டும்தான் தெரியும். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிப்ரவரி 14

தீனி மட்டும் போதாது என்று நான் நினைக்கத் தொடங்கியது முத்துவின் இரண்டாவது வருடத்தில். கறித்துண்டை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி பூனையையே பார்ப்பான். ஓட ஆசைப்பட்டவனுக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் எழுதியது எனக்கு இங்கேதான் உதவியது: ஒரு உயிர் தானாக அதிகம் செய்ய விரும்பும் செயலையே, அது செய்யத் தயங்கும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம். அதாவது துரத்தாமல் திரும்பியதற்குப் பரிசு ஓட்டமே. பூனையை விட்டு என் பக்கம் திரும்பினால் நான் எதிர்த்திசையில் ஓடுவேன், அவன் என்னைத் துரத்துவான். பாக்கெட்டில் ஒரு பழைய துணிமுடிச்சு எப்போதும் இருக்கும். அதைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவேன், பிடிப்பான், உதறுவான்.

வீட்டில் இதற்கென்றே ஒரு விளையாட்டு: நீளக் குச்சி, நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் துணி. 'படு' என்றால் படுக்க வேண்டும். துணி கண்ணெதிரே துள்ளும், அவன் உடம்பு நடுங்கும், ஆனாலும் படுத்திருக்க வேண்டும். 'போ' என்றால்தான் பாயலாம். பிறகு ஓட்டத்தின் நடுவிலேயே 'படு'. ஓடும் நாயை நிறுத்தும் சொல் இந்த விளையாட்டில்தான் உருவானது. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மூட்டுக்குக் கெடுதல், மூளையும் கொதித்துவிடும். வளரும் குட்டிக்குச் சட்டென்று திரும்பும் துள்ளல் வேண்டாம்.

'நிறைய ஓடவிட்டுக் களைப்பாக்கினால் துரத்த மாட்டான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் அதை நம்பி ஒரு வருடம் ஓடவிட்டேன். விளைவு, முன்னைவிட நீண்ட நேரம் துரத்தக்கூடிய நாய். மோப்பம் பிடிக்கவிட்டுத் தேடவைப்பதுதான் அவனை அமைதியாக்கியது: புல்லில் தீனியை இறைத்துவிட்டு இருபது நிமிடம் மூக்கால் தேடவிடுவது.

பிப்ரவரி 21

ஷாக் காலர், அதாவது பொத்தானை அழுத்தினால் நாய்க்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வேல்ஸ் நாட்டில் 2010-இலேயே தடை செய்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராத 63 நாய்களைத் தலா 21 என மூன்று குழுவாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஷாக் காலர் குழு எந்த விதத்திலும் மேலாக இல்லை. பரிசு கொடுத்துப் பழக்கிய குழுதான் முதல் கட்டளைக்கே நன்றாகப் பணிந்தது. ஆகவே பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 24

'பேச்சு முடிந்தது' என்று எழுதியது அவசரம். 2024-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வை ஒருவர் சுட்டிக்காட்டினார், படித்தேன். 19 நாய்கள். இயந்திரத்தில் இழுபட்டு ஓடும் ஒரு பொருளைத் துரத்தவிட்டார்கள். ஷாக் வாங்கியவை விரைவில் துரத்தலை நிறுத்தின, தீனி வாங்கியவை அந்தக் குறுகிய காலத்தில் நிறுத்தவில்லை. இதை ஒளித்துவைத்துவிட்டு உங்களிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. ஷாக் விழுந்தபோது அந்த நாய்கள் கத்தியதும் அதே ஆய்வில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பொருளுக்கு உயிரில்லை, அது எப்போதும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓடியது. தெருவில் வலி விழும் கணத்தில் நாயின் கண்முன் பூனை மட்டுமா இருக்கும்? பக்கத்தில் ஒரு குழந்தை சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும். வலியை எதனோடு முடிச்சுப் போடுவது என்று அவன்தான் முடிவு செய்வான். செருப்படியை முத்து எதனோடு முடிச்சுப் போட்டான் என்று முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். பல வாரம் அதிகமானாலும் எனக்குத் தீனி வழிதான்.

மார்ச் 9

வீட்டுக்குள் பூனை வளர்ப்பவர்களுக்கு. நாங்கள் பட்டுவைக் கொண்டுவந்தபோது முத்துவுக்கு நாலு வயது. முதல் பத்து நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. முத்து படுத்த துணி பட்டுவின் அறையில், பட்டு படுத்த துணி முத்துவின் பாய்மேல். முத்து முதல் நாள் அந்தத் துணியை மோந்து விறைத்து நின்றான். நாலாம் நாள் அதன்மேலேயே தூங்கினான். அப்புறம் கம்பித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டுகள், தினமும் ஒரு சாண் நெருக்கமாக. பிறகு ஒரே அறை, முத்துவின் மேல் கயிறு, பட்டுவுக்கு ஏறிக்கொள்ள உயரமான அலமாரி. பூனை ஓடாமல் இருந்தால் பாதி வெற்றி. ஓடாமல் இருக்க அதற்கு ஏறும் இடமும் ஒளியும் இடமும் நிறைய வேண்டும். பட்டு பயப்படுகிறாளா என்று பார்ப்பது முத்துவைப் பார்ப்பது போலவே முக்கியம். அந்த வாரங்களில் அக்கா அவள் பக்கம், நான் இவன் பக்கம்.

இப்போது இரண்டும் ஒரே வெயிலில் படுக்கின்றன. ஆனால் ஆளில்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விட்டதில்லை, விடவும் மாட்டேன்.

மார்ச் 10

'அப்படியென்றால் இப்போது எந்தப் பூனையையும் துரத்த மாட்டானா?' துரத்துவான். பட்டு அவன் குடும்பம். தெருப்பூனை தெருப்பூனைதான். தோட்டத்தில் வேகமாக ஓடும் பட்டுகூட ஒரு வினாடி அவனுக்கு அந்நியம், வாய் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

குட்டி வாங்கப் போகிறவர் கேட்டிருந்தார். அதிர்ஷ்டசாலி நீங்கள். ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் நாய்க்குட்டி உறவுகளைப் பழகும் காலம் சுமார் 3 முதல் 12 வாரம் என்று கண்டார்கள். அந்த வாரங்களில் ஆடு, கோழி, பூனையோடு அமைதியாக இருந்த குட்டி அவற்றைத் தன் கூட்டமாகவே பார்க்கும். மந்தைக்காவல் இனங்களை இப்படித்தான் ஆட்டுக்கு நடுவே வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மிடில் தீவில் நரிகள் வேட்டையாடி, 2005-இல் சின்னப் பென்குவின்கள் 10-க்கும் கீழே போய்விட்டன. 2006-இல் மரெம்மா என்ற மந்தைக்காவல் இன நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். கோழிக்குக் காவல் இருந்த இனம் பென்குவினுக்கும் காவல் இருந்தது, எண்ணிக்கை மீண்டும் ஏறியது. இதைப் படித்த அன்று முத்துவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனத்தின் பங்கும் இதில் பெரியது என்பதை மறக்காதீர்கள். கிரேஹவுண்ட் குட்டியைக் கோழிக்கு நடுவே வளர்த்துவிட்டு அது மரெம்மா ஆகும் என்று இருந்துவிடக் கூடாது.

ஏப்ரல் 7

குட்டி கோழியைத் துரத்தினால் 'சின்னப் பிள்ளை, விளையாடுகிறது' என்று சிரிக்காதீர்கள். முத்துவை அப்படிச் சிரித்துத்தான் வளர்த்தேன்.

மே 4

'தானாகவே திரும்பி என்னைப் பார்த்தான், பூனை பதினைந்து மீட்டரில்.' உங்கள் இந்த இரண்டு வரியைக் காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். அவனுக்கு என் சார்பில் ஒரு பெரிய கறித்துண்டு கொடுங்கள்.

கயிற்றை எப்போது கழற்றலாம் என்ற கேள்விக்கு: இப்போது இல்லை. கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபடவிடுங்கள், நுனியை மிதிக்கும் தூரத்தில் நடங்கள். மூன்று மாதம் ஒரு துரத்தலும் இல்லாவிட்டால் வேலி போட்ட இடத்தில் மட்டும் கழற்றிப் பாருங்கள். முத்துவுக்கு இப்போது எட்டு வயது. தெரிந்த திடலில் கயிறில்லாமல் நடக்கிறான். புது இடத்திலும், ஆடு மாடு மேயும் இடத்திலும் கயிறு உண்டு. நான் எத்தனை நம்பினாலும், தவறினால் உயிர் போவது ஆட்டுக்குட்டிக்கு.

தரையில் இழுபடும் கயிறு கொக்கிக்கு நாலு விரல் தள்ளித்தான் முதலில் தேயும். வாரம் ஒருமுறை அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்து சொரசொரப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.